மயக்கம் தெளியும் அறையில் யார் நிற்கிறார்?

விலங்கு மருத்துவத் தாதியர் பயிற்சியில் சேர விரும்பும் பிள்ளைகளும் பெற்றோரும் பயிற்சி நிலையத்தின் கட்டடத்தையும் கருவிகளையும் பற்றியே பெரும்பாலும் விசாரிக்கிறார்கள். வெள்ளவத்தையில் தனியார் விலங்கு மருத்துவ நிலையமொன்றில் பணியாற்றும் நான், சத்திரசிகிச்சைக்குப் பின் விலங்குகள் மயக்கம் தெளியும் அறையில் மாணவருக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கப்படுகிறது, அங்கே அவருக்குப் பக்கத்தில் அனுபவமுள்ளவர் எவராவது இருக்கிறாரா என்பவற்றையே முதலில் கேட்கச் சொல்வேன்.

பிரித்தானியாவில் நாய்கள், பூனைகள் பெருந்தொகையில் உள்ளடக்கப்பட்டு 2008 இல் வெளியான ஆய்வொன்றில், மயக்க மருந்தோடு தொடர்புடைய மரணங்களுள் நாய்களில் ஏறத்தாழ அரைவாசியும் பூனைகளில் ஏறத்தாழ 60 வீதமும் சத்திரசிகிச்சை முடிந்த பின்னரே நிகழ்ந்தன என்றும், அவற்றுள் பெரும்பாலானவை முதல் 3 மணித்தியாலங்களுக்குள் நேர்ந்தன என்றும் கண்டறியப்பட்டது. மருத்துவர் கையுறையைக் கழற்றிவிட்டு அடுத்த விலங்கைப் பார்க்கப் போயிருக்கும் நேரம் அது. அப்போது கூட்டின் அருகில் இருக்க வேண்டியவர் தாதியே.

அந்த அறையில் கற்க வேண்டியவை புத்தகத்தில் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும், ஆனால் கைக்கும் கண்ணுக்கும் பழக நாள் எடுக்கும். ஈறை விரலால் அழுத்திவிட்டால் 2 செக்கனுக்குள் நிறம் திரும்புகிறதா, உடல் வெப்பம் 38 பாகை செல்சியஸை நோக்கி ஏறுகிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்பவற்றைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பார்த்துப் பதிய வேண்டும். நாய்க்கு விழுங்கும் அசைவு திரும்பிய பிறகே மூச்சுக்குழாயிலுள்ள குழாயை எடுக்கலாம்; கொழும்பு வீடுகளில் பலர் ஆசையாக வளர்க்கும் பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கோ, அது நன்றாக விழித்துத் தலையைத் தூக்கும்வரை பொறுத்திருப்பதே பாதுகாப்பு.

மாதிரி உருக்கள் வைத்த பயிற்சி அறை தேவையில்லை என்று நான் சொல்லவரவில்லை. முன்னங்கால் நாளத்தில் கனுலா எனும் மெல்லிய குழாயை ஏற்றும் முதல் முயற்சி ஒருவருடைய செல்லப்பிராணியில் நடக்கக்கூடாது. சிலிக்கன் தோலுக்கு அடியில் சிவப்பு நீர் நிரப்பிய குழாய் இருந்தாலே அதற்குப் போதும். ஆனால் மாதிரி நாய் காலை இழுக்காது, கடிக்கவும் வராது. பயந்த விலங்கை நோகாமல் பிடிக்கும் விதத்தை உயிருள்ள விலங்கோடுதான் பழக முடியும்.

பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை கொழும்பிலிருந்து 100 கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது. ஆனால் கொழும்பிலேயே கட்டாக்காலி நாய்களுக்கான கருத்தடை முகாம்களில் ஒரே நாளில் பல நாய்கள் மயக்கம் தெளிவதால், மேற்பார்வை இருந்தால் அவை நல்ல பயிற்சிக் களங்களாகும். மேற்பார்வை இல்லாவிட்டால், கேட்க ஆளில்லாத நாய்களில் கைபழகுவதாகவே முடியும். அதை நான் ஏற்கமாட்டேன்.

உண்ணிக் காய்ச்சலுக்குக் குருதிப் பூச்சைப் பார்க்க ஒரு நல்ல நுணுக்குக்காட்டியும், பார்வோ வைரஸ் தொற்றிய நாய்க்குட்டிகளுக்குத் தனி அறையும் இருக்க வேண்டும் என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

மாணவருக்கு விசர்நாய்த் தடுப்பூசி கட்டாயமானது. விலங்குகளைத் தொடும் பணிக்கு வருமுன் 0 ஆம், 7 ஆம் நாட்களில் இரண்டு வேளை ஏற்றிக்கொள்ளுமாறு உலக சுகாதார நிறுவனம் 2018 முதல் பரிந்துரைக்கிறது. எலிக்காய்ச்சல் சிறுநீர் வழியே தொற்றுவதால், கூடு கழுவும்போது கையுறையும் வேண்டும். தடுப்பூசி அட்டையைக் கேட்காமலே மாணவரை நாய்க்கூட்டுக்குள் அனுப்பும் நிலையமாக இருந்தால், அதன் மற்ற வசதிகளைச் சுற்றிப் பார்க்க நான் நேரம் செலவிடமாட்டேன்.