ஜாடிக்குள் மூன்று தேரை

ஜூன் 9
கல்லூரி விலங்கியல் ஆய்வக அலமாரி ஒழித்தோம். மேல்தட்டில், உடல் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவம் ஊற்றிய ஒரு ஜாடி. 2014இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி., விலங்குகளை அறுத்துப் பார்க்கும் டிசெக்‌ஷனைத் தடை செய்வதற்கு முன் வாங்கி மிஞ்சியதாம். லேபிளில் 'தவளை'. உள்ளே இருப்பவை மூன்றும் தேரை. கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் நச்சுச் சுரப்பியே சொல்லிவிடும். கொட்டிவிடலாமா என்று கேட்டேன். "குடலைப் பார்த்துவிட்டுக் கொட்டு" என்றார் மேடம்.

ஜூன் 10
ஒரு தேரையை இரவெல்லாம் தண்ணீரில் ஊறவைத்தும், அறுக்கும்போது கண் எரிந்தது. சிறுகுடலில் ஒன்றுமில்லை. மலக்குடலில் வெள்ளை நூல் துணுக்குகள் மாதிரி 7 புழுக்கள். நாடாப்புழு என்றால் தட்டையாகக் கணுக்கணுவாக இருக்கும். இவை உருண்டு, வால் கூராக இருந்தன. உருளைப்புழுதான்.

ஜூன் 12
லாக்டோஃபீனால் என்ற திரவத்தில் போட்டால் புழு கண்ணாடி போலத் தெளிந்துவிடும். 7இல் ஆண் ஒன்றே ஒன்று. அதன் வால் பக்கத்தில், வயிற்றுப்புறமாக, இரண்டு வரிசையில் பொத்தான் தைத்தது போல மேடுகள். அதை வைத்துத்தான் காஸ்மோசெர்கா என்ற உருளைப்புழுப் பேரினம் என்று துணிந்தேன். பெண் புழுக்கள் மட்டும் கிடைத்திருந்தால் பேரினம் சொல்வது பெரும்பாடு.

ஜூன் 13
அதே மலக்குடல் சளியை ஸ்லைடில் தேய்த்தால் பொடிப் பொடிக் குட்டிப்புழுக்கள். 60 வரை எண்ணி விட்டுவிட்டேன். காஸ்மோசெர்காவின் பிள்ளைகள் என்று நோட்டில் எழுதியும் ஆயிற்று. மேடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "நுரையீரலைத் திறந்தாயா?" இல்லை. குடல் புழுவுக்கு நுரையீரல் எதற்கு?

ஜூன் 14
எதற்கென்று இன்று தெரிந்தது. நுரையீரலில் 3 புழுக்கள், ஒவ்வொன்றின் உள்ளேயும் நீளமாக ஒரு கறுப்புக் கோடு. தேரையின் ரத்தம் குடித்துக் கறுத்த குடல் அது. ராப்டியாஸ் என்ற நுரையீரல் உருளைப்புழு. முட்டை மூச்சுக்குழாய் வழியாக வாய்க்கு ஏறும், தேரை விழுங்கும், குடலில் குட்டி பொரிந்து மலத்தோடு மண்ணுக்குப் போகும். நான் எண்ணிய 60ம் வழிப்போக்கர்கள்!

அப்புறம் நடப்பதுதான் விசித்திரம். நுரையீரலில் இருப்பவை எல்லாம் இருபாலி, ஆணும் பெண்ணும் ஒரே உடலில். மண்ணில் வளரும் அடுத்த தலைமுறையிலோ ஆண் தனி, பெண் தனி. அந்தப் பெண்ணின் உடலுக்குள்ளேயே குட்டிகள் பொரிந்து, தாயை உள்ளிருந்து தின்றுவிட்டு வெளியே வருகின்றன. பிறகு இன்னொரு தேரையின் தோலைத் துளைத்து நுரையீரலுக்கு. மதியச் சாப்பாட்டுக்கு முன் இதைப் படித்திருக்கக் கூடாது.

ஜூன் 15
இந்த இரட்டை வாழ்க்கையைக் கண்டவர்களில் ரஷ்ய விலங்கியலாளர் மெச்னிகோவும் ஒருவர். 1865 வாக்கில், ஜெர்மனியில், ஒட்டுண்ணி ஆய்வாளர் லாய்க்கார்ட்டின் ஆய்வகத்தில் இருந்த இளைஞர். லாய்க்கார்ட் அதைத் தன் பெயரில் வெளியிட்டுவிட்டார் என்று இருவருக்கும் பெரிய சண்டை. 1908இல் மெச்னிகோவுக்கு நோபல் கிடைத்தது வேறு விஷயத்துக்கு.

நோட்டில் 'பிள்ளைகள்' வரியை அடித்தாயிற்று. ஜாடிக்குப் புது லேபிள்: தேரை. இன்னும் இரண்டு தேரை பாக்கி. நாளை நுரையீரலிலிருந்து தொடங்குகிறேன்.