முதல் வேலைக்குச் சேரும் முன்: ஓர் இனிஷியல் தின்ற இரண்டு வாரம்

ஆஃபர் லெட்டர் வந்தது, மெடிக்கல் முடிந்தது, சேரும் தேதியும் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் உள்ளே போக முடியவில்லை. காரணம், பெயருக்குப் பின்னால் நிற்கும் 'ஆர்' என்ற ஒற்றை இனிஷியல். இந்த வருடம் படிப்பை முடிக்கிற தம்பி தங்கைகளுக்கு அந்த அலைச்சல் வரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'கவிதா ஆர்'. ஆதாரிலும் அப்படியே. பான் அட்டையிலும் அதேதான் அச்சாகியிருந்தது. மூன்றும் ஒன்றாக இருக்கிறதே என்று நம்பியதுதான் பிழை. நான் விண்ணப்பித்தபோது பான் படிவத்தில் கடைசிப் பெயர் கட்டத்தில் இனிஷியலை ஏற்கவில்லை, விரித்து எழுத வேண்டியிருந்தது. அட்டையில் எப்படி அச்சாக வேண்டும் என்று கேட்கும் கட்டம் தனி. அதில் மட்டும் சுருக்கி எழுத முடிந்தது. கம்ப்யூட்டர் சென்டரில் நிரப்பியவர் முதல் கட்டத்தில் அப்பா பெயரை முழுதாகவும், இரண்டாவதில் இனிஷியலையும் போட்டுவிட்டார். கம்பெனியின் சம்பளப் பிரிவு ஆதாரோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது வருமான வரித்துறையின் பதிவை. அட்டையை அல்ல. "பெயர் பொருந்தவில்லை, சரிசெய்துவிட்டு வாருங்கள்" என்று ஒரே வரியில் மெயில் வந்தது.

பானில் இனிஷியல் நிற்காது என்பதால், ஆதாரில் விரிப்பதுதான் வழி. பாஸ்போர்ட்டில் முழுப் பெயர் இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் ஆதார் ஆணையத்தின் சான்றிதழ் படிவத்தில் தாசில்தார் கையெழுத்து வாங்கலாம். நான் வாங்கியும் ஆதார் மையத்தில் திருப்பி அனுப்பினார்கள். முத்திரை தாளின் அடியில் மட்டும் இருந்தது. கையெழுத்தும் முத்திரையும் பாதி போட்டோவின் மீதும் பாதி தாளின் மீதும் விழ வேண்டும். தாலுகா ஆபீஸில் கையெழுத்தாகும்போதே இதைக் கேட்டு வாங்குங்கள், ஒரு நாள் மிச்சமாகும். படிவத்தில் அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது. தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். ஜெராக்ஸ் போதாது, ஒரிஜினலைத்தான் ஸ்கேன் செய்வார்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். ஆகவே எழுத்துக்கூட்டலை ஒவ்வோர் எழுத்தாகத் திரையில் பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள்.

அங்கே இருக்கும்போதே மொபைல் நம்பரையும் கவனியுங்கள். பள்ளியில் படிக்கும்போது கொடுத்த அப்பாவின் நம்பரே பலருக்கு இன்னும் இருக்கிறது. ஓடிபி ஊரில் இருக்கும் அவருக்குப் போகும், அவர் வயலில் இருப்பார். நம்பரை மாற்ற ஆவணம் எதுவும் தேவையில்லை, கைரேகை போதும்.

பி.எஃப். எனும் வருங்கால வைப்பு நிதிக்கான யூஏஎன் எண்ணை (வேலை மாறினாலும் மாறாத உறுப்பினர் எண்) 2025 ஆகஸ்ட் 1 முதல் அரசின் உமாங் செயலியில் முகம் காட்டி நாமே எடுக்க வேண்டும். ஆதார் சரியானதும் அது பத்து நிமிட வேலை. ஏற்கெனவே எங்காவது பி.எஃப். பிடித்திருந்தால் பழைய எண்ணையே கொடுங்கள். இரண்டாவது எண் வந்தால் இணைக்க அலைய வேண்டும்.

மார்க் ஷீட்டைத் தொட வேண்டாம். இரண்டு பெயரும் ஒருவரே என்ற நோட்டரி அஃபிடவிட் ஒன்றை ஃபைலில் வைத்தேன், பின்னணிச் சரிபார்ப்பில் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

கடைசி செமஸ்டரில் இருப்பவர்கள் இன்றைக்கே வருமான வரித்துறை இணையதளத்தில் பான் சரிபார்ப்புப் பக்கத்தைத் திறந்து, ஆதாரில் உள்ளபடியே பெயரையும் பிறந்த தேதியையும் அடித்துப் பாருங்கள். கட்டணம் கிடையாது. பெயர் பொருந்தவில்லை என்று வந்தாலும் பதற வேண்டாம், கையில் இன்னும் மாதங்கள் இருக்கின்றன.