சட்டை போடாத வைரஸ்

போன ஆடியில எங்க வீட்டு குட்டி முனி செத்துப்போச்சு. ரெண்டு மாசக் குட்டி, ராஜபாளையம்னு சொல்லித்தான் குடுத்தாங்க, பாத்தா அக்மார்க் நாட்டு நாய், அது வேற கதை. முதல் நாள் பால் குடிக்கல, மறுநாள் வாந்தி, அதுக்கு அடுத்த நாள் ரத்தமா பேதி, அந்த நாத்தத்த ஒரு தடவ மோந்தவன் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான். பார்வோ, நாய்க்குட்டிங்க குடல தாக்குற வைரஸ். நாலு நாள் ட்ரிப்ஸ் ஏத்தியும் நிக்கல.

கடைசி நாள் டாக்டர் சொன்னாரு, "தம்பி, இப்போதைக்கு வேற குட்டி எடுத்துராதீங்க, ஒரு வருஷம் போகட்டும்." நான் பெருமையா, சார் வீடு பூரா பினாயில் ஊத்தி கழுவிட்டேன், கொரோனாவுக்கு வாங்கின அஞ்சு லிட்டர் சானிடைசர் கேன்ல பாதி கெடந்துச்சு, அதையும் அடிச்சு தீத்துட்டேன்னேன். மனுஷன் சிரிச்சுட்டாரு. "கொரோனா சட்ட போட்டுருந்துச்சு, கிழிச்சீங்க. இதுக்குத்தான் சட்டையே இல்லையே, எதக் கிழிப்பீங்க?"

அன்னைக்கு நைட்டு உக்காந்து படிச்சேன். கொரோனா, ஃப்ளூ, தட்டம்மை, எச்ஐவி எல்லாத்துக்கும் மேல ஒரு கொழுப்பு உறை இருக்கு, அது வைரஸோட சொந்த சொத்து கூட இல்ல, நம்ம செல்லுலேர்ந்து வெளிய வரும்போது செல்லோட சவ்வுலயே கொஞ்சத்த சுருட்டி போத்திக்கிட்டு வருது. அடுத்த செல்லுக்குள்ள நுழையுற சாவி, அதான் அந்த முள்ளு முள்ளா படத்துல காட்டுவாங்களே, அது அந்த உறை மேலதான் குத்திருக்கு. சோப்பு பட்டா எண்ணெய்ச் சட்டி பிசுக்கு மாதிரி உறை கழண்டுக்கும், ஆல்கஹாலும் கரைச்சுவிட்டுரும், உறை போனா சாவியும் போச்சு. வெயில், சூடு எதையும் அது ரொம்ப நேரம் தாங்காது. 2020ல லேப்ல பாத்தப்ப கொரோனா பிளாஸ்டிக் மேல 3 நாள் வரைக்கும், அட்டை மேல 1 நாள், செம்பு மேல 4 மணி நேரம்தான் தாக்குப்பிடிச்சுது, அதுவும் நேரம் ஆக ஆக மளமளன்னு கொறைஞ்சுக்கிட்டேதான். நாம என்னடான்னா கத்திரிக்காய சோப்பு போட்டு கழுவிட்டு இருந்தோம்.

பார்வோவுக்கு அந்தப் போர்வையே கெடையாது. 60 புரதத் துண்டு ஒண்ணோட ஒண்ணு கோத்த கெட்டி ஓடு, உள்ள கொஞ்சூண்டு டிஎன்ஏ, அவ்ளோதான் வைரஸ். கரைக்க கொழுப்பே இல்லாதப்ப சானிடைசர் என்னத்த கரைக்கும்? நெழல், ஈரம் இருந்தா மண்ணுல மாசக்கணக்கா, வருஷக்கணக்குல கூட கெடக்கும். இதே நாய்க்கு வர்ற டிஸ்டெம்பர் தட்டம்மையோட சொந்தக்காரன், உறை போட்ட வகை, வெளிய வந்தா சூட்டுல சில மணி நேரத்துல காலி. ரெண்டுக்கும் ஒரே ஊசியிலதான் தடுப்பு மருந்து, குணம் மட்டும் நேர் எதிர்.

எனக்கு ரொம்ப பிடிச்சது பித்தநீர் விஷயம். பித்தம்ங்கறது குடலுக்குள்ள ஊத்துற சோப்பு மாதிரிதான், கொழுப்ப ஒடைக்கிறதுதான் அதோட வேலையே. வாய் வழியா போய் பேதியில வெளிய வந்து பரவணும்னா வயித்து ஆசிட்டையும் இந்த சோப்பையும் தாண்டணும், உறை போட்டவனுக்கு அது கஷ்டம். அதான் போலியோ, ரோட்டா, நோரோ, மஞ்சக்காமாலை ஏ எல்லாம் உறை இல்லாத ஆளுங்க. நம்ம போலியோ சொட்டு மருந்த வாயில விட முடிஞ்சதும் இதனாலதான், அதுல இருக்கிறது பலவீனப்படுத்துன உயிருள்ள வைரஸ், ஆசிட்ட தாண்டி குடல் வரைக்கும் உசுரோட போயிரும்.

ஆனா இத சூத்திரமா பிடிச்சுக்க முடியாது. நாய்க்கு வர்ற குடல் கொரோனா உறை போட்டதுதான். காமாலை பி உறையோடயே காஞ்ச ரத்தத்துல 7 நாள் இருக்கும். பெரியம்மை பொருக்க நெதர்லாந்துல ஒரு லேப்ல எடுத்து வச்சுப் பாத்திருக்காங்க, 13 வருஷம் கழிச்சும் வைரஸ் உசுரோட இருந்துச்சாம்!

சரி, பார்வோவ எதுதான் கொல்லும்னா குளோரின். அது புரதத்தையே அரிச்சுரும். வீட்டு பிளீச் 1 பங்குக்கு தண்ணி 30 பங்கு, ஊத்தி 10 நிமிஷம் தரை காயாம இருக்கணும். அதுக்கு முன்னாடி சோப்பு போட்டு நல்லா தேய்ச்சு அழுக்கு எடுக்கணும், இல்லன்னா குளோரின் அழுக்குலயே தீந்துரும். நான் செஞ்ச தப்பு அதுதான், காஞ்ச பேதி மேலயே பினாயில ஊத்திட்டு வாசனையா இருக்கேன்னு நிம்மதியா படுத்துட்டேன். இன்னொண்ணு, பிளீச்சோட பாத்ரூம் ஆசிட்ட கலந்துராதீங்க, விஷவாயு கெளம்பும்.

சிமெண்ட் தரை, தட்டு, சங்கிலி எல்லாம் சரி பண்ணிட்டேன், சாக்க எரிச்சாச்சு. கொய்யா மரத்தடிதான் பிரச்சனை, முனி கடைசி ரெண்டு நாள் அங்கதான் சுருண்டு கெடந்துச்சு, மண்ணுல பிளீச் ஊத்துனா மண்ணே அத தின்னுரும். எதிர்வீட்டு அக்கா அவங்க நாய் போட்ட குட்டியில ஒண்ண தர்றேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. அக்கா, 16 வாரம் ஆகி கடைசி ஊசி போட்டு ரெண்டு வாரம் கழியட்டும், அதுவரைக்கும் உங்க வீட்லயே இருக்கட்டும்னேன், தாய்ப்பால்ல வந்த எதிர்ப்பு சின்ன வயசுல போடுற ஊசிய வேலை செய்ய விடாதாம், முனிக்கு போட்டது ஒரே ஒரு ஊசி. அக்கா நம்பல. "ஊசி போடாமலே எங்க வீட்ல எட்டு நாய் வளந்துச்சு"ங்கறாங்க. அவங்க வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி நான் செருப்ப தெருவுலயே கழட்டி விட்டுட்டு போறேன், அதுக்கும் ஒரு மாதிரியா பாக்குறாங்க.