இடது கைக்குத் தெரியாத பழக்கம்

வலது கன்னம் வழவழவென்று இருந்தது. இடது கன்னத்தில் மூன்று நாள் தாடி அப்படியே. மடக்கி விரிக்கிற அந்தக் காலத்துச் சவரக்கத்தியை முதன்முதலாகக் கையில் எடுத்த அன்று நான் குளியலறையை விட்டு வெளியே வந்த கோலம் அது. என் மனைவி ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "என்னங்க, மீதி நாளைக்கா?" என்றாள். "நாளைக்கும் இதே கன்னந்தான்" என்றேன். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முதல் வாரம் ஒரு கன்னம் மட்டும், மற்றதெல்லாம் பழைய ரேசர் என்றுதான் திட்டம். அன்றைக்கு அந்தப் பழைய ரேசரை எடுக்கக்கூடத் தெம்பில்லை, அவ்வளவுதான். ஒரு கன்னத்துக்கே 25 நிமிடம் ஆகியிருந்தது.

ஏன் இந்த வேலை என்று கேட்டால், கழுத்துதான் காரணம். எனக்குக் கழுத்தில் சுருட்டை முடி. நாலைந்து பிளேடு அடுக்கிய ரேசரில் முன்னால் போகிற பிளேடு முடியை இழுத்துத் தூக்கும், பின்னால் வருவது தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டிவிடும். வெட்டுப்பட்ட முனை வெளியே வர வழி இல்லாமல் உள்ளேயே சுருண்டு, இரண்டாம் நாள் கழுத்தெல்லாம் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்துவிடும். ஒற்றை பிளேடு போடுகிற சேஃப்டி ரேசருக்கு மாறியிருந்தாலே போதும், எனக்கும் தெரியும். ஆனால் ஆசை யாரை விட்டது? சவரக்கத்தி என்றால் மடக்கிக் கைக்குள் வைத்துக்கொள்ளலாம், விரித்தால் பளபளக்கும், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் என் ஆயுளுக்கும் போதும். 1903-ல் ஜில்லெட் தன் ரேசரை விற்க ஆரம்பித்தபோது முதல் வருடம் போனது வெறும் 51தான். அதற்கு முன் தாத்தாக்கள் பெரும்பாலும் இந்தக் கத்தியில்தானே மழித்துக்கொண்டார்கள், என்னால் முடியாதா என்று ஒரு வீறாப்பு.

வாங்கியது எட்டில் ஐந்து அங்குல அகலமுள்ள கத்தி, இருபுறமும் உட்குழிவாகத் தேய்த்தது. உருண்ட முனை. பழகுகிறவர்களுக்கு இந்த உருண்ட முனை முக்கியம். சதுர முனை என்றால் காது மடல் பக்கம் போகும்போது குத்திவிடும். சலூனில் பிளேடைச் செருகிப் பயன்படுத்துகிற கத்தி வேறு ஜாதி. அதைத் தீட்ட வேண்டாம், மழுங்கினால் பிளேடை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எடையே இல்லாத கத்தி, கை கொஞ்சம் பிசகினாலும் கீறிவிடும்.

"பெட்டியைப் பிரித்ததும் ஷேவ் செய்யலாம்" என்று விற்றவர்கள் சொல்லியிருந்தார்கள். பொய். முடியை வெட்டாமல் பிடுங்கியது. எனக்குத்தான் கை வரவில்லை என்று பத்து நாள் என்னையே நொந்துகொண்டு, கண்ணில் நீர் வர வர இழுத்தேன். அப்புறம் ஒரு நாள் தலைமுடி ஒன்றைத் தொங்கவிட்டு, கத்தியின் வாயை, அதாவது வெட்டுகிற ஓரத்தை, அதன் மேல் மெதுவாகக் கொண்டுபோய்ப் பார்த்தேன். முடி வளைந்ததே தவிர, அறுபடவில்லை. நல்ல கூர் என்றால் பட்டதுமே முடி இரண்டாகிக் கீழே விழ வேண்டும்.

சவரக்கத்தி தீட்டத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தேன். சுழலும் சாணைச் சக்கரத்தில் இதை வைக்கவே கூடாது, சூட்டிலேயே எஃகின் பதம் போய்விடும் என்றார். தட்டையான கல், மேலே கொஞ்சம் தண்ணீர். 1000 கல்லில் ஆரம்பித்து, 4000, 8000, கடைசியில் 12000. எண் ஏற ஏறக் கல் நைசாகிக்கொண்டே போகும். பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் ஒரு விஷயம் புரிந்தது. அவர் கோணத்தைப் பற்றிக் கவலையே படவில்லை. கத்தியைப் படுக்க வைத்தால் தடித்த முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லில் படுகின்றன. முதுகின் தடிமனும் கத்தியின் அகலமும் சேர்ந்து கோணத்தை முடிவு செய்துவிடுகின்றன. செய்தவன் கணக்கைக் கத்திக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறான். எனக்கு அது அவ்வளவு பிடித்துப்போயிற்று.

கல் வேலை வருடத்துக்கு ஓரிரு முறை வந்தால் அதிகம். தினசரி வேலை தோல் வாரில்தான்; கத்தியை இழுத்துத் தீட்டுகிற நீளப் பட்டை அது, ஒரு பக்கம் தோல், ஒரு பக்கம் துணி. ஒவ்வொரு ஷேவுக்கும் முன்னால் துணிப் பக்கம் 20 தடவை, தோல் பக்கம் 50 தடவை. கல்லில் வாய் முன்னால் போகும்; வாரில் முதுகு முன்னால் போக, வாய் பின்னால் இழுபட வேண்டும். வாரின் கோடிக்கு வந்ததும் கத்தியை முதுகின் மேல் உருட்டித் திருப்ப வேண்டும். இந்த ஒரு வரியைப் படித்தவன்தான் நான். மூன்றாம் நாளே, கை பழகிவிட்ட நினைப்பில் சட் சட்டென்று வேகமாக இழுத்து, கோடியில் வாய்ப் பக்கமாகத் திருப்பிவிட்டேன். தோலில் பிறை மாதிரி ஒரு வெட்டு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் தழும்பு போகவில்லை. அதற்கப்புறம் ஒரு வாரம், ரொட்டியில் ஜாம் தடவுகிற மொட்டைக் கத்தியை வைத்து வாரில் இழுத்துப் பழகினேன். வேகம் கடைசியில் தானாக வரும், வராவிட்டாலும் நஷ்டமில்லை. வாரை மட்டும் தொய்யவிடக் கூடாது. தொய்ந்தால் தோல் வளைந்து வாயைச் சுற்றிக்கொள்ளும், தீட்டுவதற்குப் பதில் மழுக்கிவிடும்.

இனி முகம். வெந்நீரில் மூன்று நிமிடம் ஊறவிட்டால் முடி நீரை உறிஞ்சி மெத்தென்றாகிவிடும். நுரை தண்ணீராக இல்லாமல் தயிர் பதத்தில் நிற்க வேண்டும். மூன்று விரல் கத்தியின் கழுத்தின் மேல், கட்டைவிரல் கீழே, சுண்டுவிரல் வாலின் மேல். கத்தியைக் கன்னத்தில் தட்டையாக வைத்து, முதுகை மட்டும் மெல்லத் தூக்க வேண்டும், சுமார் 30 டிகிரி வரை. அதற்கு மேல் தூக்கினால் சுரண்டும், குறைந்தால் முடியை இழுக்கும். முதல் சுற்று முடி வளர்கிற திசையிலேயே. வாய்க்குக் குறுக்காக மட்டும் இழுக்க வேண்டும், வாயின் நீள வாக்கில் துளி நகர்ந்தாலும் அறுத்துவிடும்.

இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டும் வலது கன்னத்தில் தினமும் எரிச்சல். சில நாள் பொட்டுப் பொட்டாக ரத்தம். படிகாரக் கட்டியை நனைத்துத் தேய்த்தால் எங்கெங்கே தப்புச் செய்தேன் என்று சுரீர் சுரீரென்று அதுவே சொல்லிவிடும். தீட்டிய கத்தியோடு ஒரு வாரம் ஆனதும் இடது கன்னத்துக்குப் போகலாம் என்று முடிவெடுத்தேன். வலது கையால் மூக்கைத் தாண்டி எட்டிப் பிடித்தால் கையே கண்ணாடியை மறைத்தது. சரி, வருவது வரட்டும் என்று கத்தியை இடது கைக்கு மாற்றினேன். பேனா பிடித்துக் கையெழுத்துகூடப் போடத் தெரியாத கை அது. நடுக்கம் வேறு.

ஆச்சரியம் என்னவென்றால், இடது கன்னத்தில் ஒரு கீறல்கூட இல்லை. எரிச்சலும் இல்லை. மறுநாளும் அப்படியே.

நாலு நாள் கழித்துத்தான் காரணம் பிடிபட்டது. என் வலது கை இருபது வருடமாக ரேசர் பிடித்த கை. முடி வெட்டவில்லை என்றால் அழுத்து, இன்னும் அழுத்து என்று பழகிவிட்டது. ரேசரின் தலை வளைந்து கொடுத்து அந்த அழுத்தத்தையெல்லாம் தாங்கிக்கொண்டே வந்ததால் எனக்கு அது தெரியவே இல்லை. இடது கைக்கு அந்தப் பழக்கமே கிடையாது. அதற்குப் பயம் மட்டும்தான் தெரியும். பயத்தில் கத்தியின் எடையை மட்டும் கன்னத்தின் மேல் விட்டு, அதன் போக்கில் இறங்கவிட்டது. அதன்பின் கொஞ்ச நாள் எல்லாம் தலைகீழ். இடது கன்னத்தை முதலில் முடித்துவிட்டு, அந்த உணர்வு மறப்பதற்குள் வலது கையால் அதைக் காப்பியடிப்பேன். சும்மா இருக்கும் கைக்கும் வேலை உண்டு. காதுக்கு முன்னால் தோலை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும். விரல் நுரையில் வழுக்கினால் துண்டில் துடைத்துவிட்டு மறுபடி பிடி. அலுக்காமல் துடை.

காதுக்கும் வேலை இருப்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. உட்குழிவான கத்தி மெல்லியது என்பதால் முடியை வெட்டும்போது சன்னமாகப் பாடும். கிருதாவுக்குக் கீழே 'சர்ர்' என்று இறங்கும் சத்தம் தாடையோரம் வரும்போது கொஞ்சம் கனக்கும். சத்தம் கரகரவென்று மாறினால் கோணம் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். இப்போது பாதி நேரம் கண்ணாடியை விடச் சத்தத்தைத்தான் கவனிக்கிறேன். குளியலறை விசிறியை அணைத்துவிட்டு ஷேவ் செய்கிறேன் என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

பெரிய வெட்டு ஒன்றே ஒன்றுதான் வாங்கியிருக்கிறேன். தாடை எலும்பு வளைகிற இடத்தில், அதுவும் தொலைபேசி மணி கேட்டுத் திரும்பியதால். கத்திக்கு நடந்த விபத்து அதைவிட மோசம். கழுவும்போது முனை குழாயில் 'டிங்' என்று மோதியது, அவ்வளவுதான். கத்தியின் வாயில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன உடைசல் விழுந்து, மறுபடி 1000 கல்லுக்குப் போக வேண்டி வந்தது. இப்போதெல்லாம் கழுவும் முன் குழாயின் மேல் ஒரு துண்டைச் சுற்றிவிடுகிறேன். கழுவியதும் ஈரம் போகத் துடைத்து, வாரில் இரண்டு இழுப்பு, பொட்டு எண்ணெய். கார்பன் எஃகு என்பதால் ஒரு ராத்திரி ஈரத்தோடு விட்டாலே புள்ளி புள்ளியாகத் துரு பிடித்துவிடும்.

நாலு மாதமாகிறது. இரண்டு கன்னமும் கழுத்தும் 20 நிமிடத்தில் முடிகிறது, பொரிச்சல் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. மோவாய் மட்டும் இன்னும் வசப்படவில்லை. நேரான கத்தி, உருண்டையான எலும்பு, நாலு திசையில் வளர்கிற முடி. உதட்டை உள்ளே மடித்துப் பார்த்தேன், பல்லால் கடித்துப் பார்த்தேன், இரண்டு கையாலும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் கத்தியை மடக்கி வைத்துவிட்டு, அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கும் பழைய ரேசரை எடுத்து அந்த இரண்டு அங்குலத்தை முடித்துக்கொள்கிறேன். மனைவிக்கு இது இன்னும் தெரியாது.