யூனிட் ஏறினால் துணியும் ஏறுமா?

மின் நுகர்வு கூடினாலே நாடு வளருது என்கிறார்கள். நகரி, பள்ளிப்பட்டுப் பக்கம் விசைத்தறிக் கூடத்தை எட்டிப் பார்த்தால் கணக்கு இடிக்கும்.

415 வோல்ட் வர வேண்டிய லைனில் 374 வந்தால், அதே சுமைக்கு மோட்டார் 11% கூடுதல் கரண்ட் இழுக்கும். சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறும். மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பியில், அதாவது காயிலில், சுமார் 23% அதிகம். கொஞ்ச நாளில் கருகும். புதுக் கம்பி சுற்றித் தரும் ரீவைண்டிங் கடையில் பழைய கம்பியைச் சுலபமாக உருவ, ஸ்டேட்டரை (காயில் உட்கார்ந்திருக்கும், சுழலாத பாகம்) நெருப்பில் போடுவார்கள். அங்கேதான் வினை! அதன் இரும்பு மையமான கோர், மெல்லிய தகடுகளை அடுக்கியது; தகடுகளுக்கு நடுவே கரண்ட் தாவாமல் தடுக்கும் பூச்சு போய்விடும். அப்புறம் சும்மா ஓடினாலே கோர் சுடும். யூனிட் கூடும், துணி அதே மீட்டர்தான்.

புதுசா பத்துத் தறி இறங்கி யூனிட் ஏறினால் அது வேறு. அது நிஜமான வளர்ச்சி. இரண்டும் பில்லில் ஒரே மாதிரிதான் தெரியும்.

எது எதை இழுக்கிறது என்று 1978-லேயே ஜான் கிராஃப்ட், ஆர்தர் கிராஃப்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்கக் கணக்கை வைத்துப் பார்த்தார்கள்: வருமானம் ஏறியதால் எரிசக்தி ஏறியது, மறுபக்கம் இல்லை என்றார்கள். மின்வெட்டில் தறி நிற்கிற ஊருக்கு அதை அப்படியே ஒட்ட முடியாது; அங்கே கரண்ட் வந்தால்தான் வருமானமே.

மோட்டார் கருகும் முன், நன்றாக ஓடும்போதே ஒரு தடவையும், ரீவைண்டிங் செய்து வாங்கிய பின் ஒரு தடவையும், சுமையில்லாமல் ஓடவிட்டு டாங் டெஸ்டரில் (கம்பியைக் கவ்வி கரண்ட் அளக்கும் மீட்டர்) மூன்று பேஸ் ஆம்பியரையும் குறித்து வையுங்கள். கூடியிருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.