மரத்தில் குழி வெட்டும் முன்: என் பேஸ் கிட்டாரும் அதன் பிக்கப்பும்

பேஸ் கிட்டார் ஒன்றைச் சொல்லிச் செய்விக்கப்போகிறேன் என்றதும் நண்பர்கள் எல்லோரும், கிட்டாருக்குள் பேட்டரியில் ஓடி ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ப்ரீஆம்ப்பைப் பற்றித்தான் கேட்டார்கள். எந்தக் கம்பெனி, இரண்டு பேண்டா மூன்று பேண்டா, 9 வோல்ட்டா 18 வோல்ட்டா என்று. நான் அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். ப்ரீஆம்ப் பிடிக்கவில்லையா, ஒரு மதியம் உட்கார்ந்து சால்டரிங் செய்து மாற்றிக்கொள்ளலாம். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தக் கட்டைதான் பிக்கப்; அதற்காக மரத்தில் வெட்டிய குழியை நகர்த்த முடியாது. அதனால் யோசனையெல்லாம் முதலில் அந்தக் குழி எங்கே விழுகிறது என்பதற்குத்தான்.

நான் மதுரைப் பக்கம் ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கிறவன். கல்யாண மண்டபம், கோயில் திருவிழா மேடை. பட்டியலில் பாதிக்கு மேல் இளையராஜா. அவர் பாட்டுகளில் பேஸ் தனி மெட்டாகவே நடக்கும். ஒவ்வொரு சுரமும் கேட்கிறவர் காதில் விழுந்தாக வேண்டும். கீபோர்டின் இடது கை, தபேலாவின் பாயா, ரிதம் பேட் எல்லாம் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும்போது பேஸைத் தனியாகக் காட்டுவது அதன் நடுப்பகுதி ஒலிதான். பாடகர் தன் குரலுக்கு ஏற்ப சுருதியை இறக்கச் சொன்னால் கீழே போக இடமும் வேண்டும். ஆகவே 5 கம்பி, 34 இன்ச் கம்பி நீளம், 21 ஃப்ரெட் (விரல் பலகையில் சுரங்களைப் பிரிக்கும் உலோகப் பட்டைகள்).

24 ஃப்ரெட் கேட்கலாமே என்றார்கள். 34 இன்ச் என்பது 864 மில்லிமீட்டர். 24வது ஃப்ரெட், உடல் பக்கம் கம்பிகள் முடியும் பிரிட்ஜிலிருந்து சரியாகக் கால் பங்கில், 216 மில்லிமீட்டரில் உட்காரும். கட்டை விரலால் அடித்து வாசிக்க (ஸ்லாப் என்பார்கள்) ஃப்ரெட் பலகைக்கும் பிக்கப்புக்கும் நடுவே எனக்குக் கொஞ்சம் வெற்றிடம் வேண்டும். அந்த மேல் ஃப்ரெட்டுகளை நான் தொடுவதே அபூர்வம்.

நடுப்பகுதி வேண்டும் என்று முடிவானபின் பிரெசிஷன் வகைப் பிக்கப்பைத் தவிர வேறு எதையும் நான் பெரிதாக யோசிக்கவில்லை. ஃபெண்டர் கம்பெனி தன் பிரெசிஷன் பேஸில் 1957இல் கொண்டுவந்த, இரண்டாகப் பிளந்த அந்த அமைப்புதான். இரண்டு பாதியும் எதிரெதிர்த் திசையில் சுற்றப்பட்டு, காந்தமும் எதிரெதிராக இருப்பதால் வெளி மின்சாரத்திலிருந்து வரும் ஹம் என்ற முனகலை ஒன்றுக்கொன்று அடித்துவிடும். கம்பியின் ஒலி மட்டும் நிற்கும். மோட்டவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் 1962 பிரெசிஷனில், மழமழப்பான ஃப்ளாட்வுண்ட் கம்பியில் வாசித்த ஒலியைக் கேட்டவர்களுக்கு நான் எதைத் தேடுகிறேன் என்று தெரியும்.

ஒரே ஒரு மாற்றம் சொன்னேன். வழக்கமாகத் தடித்த கம்பிகளுக்கான பாதி நெக் பக்கமும், மெல்லிய கம்பிகளுக்கான பாதி பிரிட்ஜ் பக்கமும் இருக்கும். அதைத் திருப்பி வைக்கச் சொன்னேன். தாழ்ந்த பி கம்பி 31 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் ஒலிப்பது. நெக் பக்கம் எடுத்தால் கொழகொழவென்று வரும். பிக்கப் பிரிட்ஜை நோக்கி நகர நகர மேல் ஒத்திசைகள் கூடி, அந்தக் கம்பிக்கு ஒரு விளிம்பு கிடைக்கும். அதே சமயம் ஜி கம்பி கொஞ்சம் பருமனாகும், உயரத்தில் மெட்டு வாசிக்கும்போது அது நன்றாகவே இருக்கும். இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பிக்கப் என்பது கட்டை விரல் உட்காரும் மேடை. அது இருக்கிற இடத்தில்தான் கை பழகும்; கை இருக்கும் இடமும் ஒலியை மாற்றும்.

பிரிட்ஜ் பக்கத்துக்கு, ஃபெண்டரின் இன்னொரு மாடலான ஜாஸ் பேஸில் வரும் ஜாஸ் பிக்கப் ஒன்று. 70களில் ஃபெண்டர் இதை பிரிட்ஜை ஒட்டி இன்னும் கொஞ்சம் நகர்த்தியது. பேஸ் கலைஞர் மார்கஸ் மில்லரின் பளபளக்கும் ஸ்லாப் ஒலி அந்தக் கால பேஸில் பிறந்தது. எனக்கு 60களின் இடமே போதும். இரண்டு பிக்கப்பையும் முழுதாகத் திறந்தால் நடுப்பகுதி எப்படியும் கொஞ்சம் உள்வாங்கும். ஸ்லாப்புக்கு அது அழகு, மெட்டு நடக்கும் பாட்டுக்கு ஆகாது.

ஆனால் இந்த ஜாஸ் பிக்கப் ஒரே கம்பிச்சுருள் கொண்ட சிங்கிள் காயிலாக இருக்கக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன். இரண்டு ஜாஸ் பிக்கப் இருந்தால் ஒன்றின் ஹம்மை மற்றொன்று அடிக்கும். பிரெசிஷனோடு தனியாகச் சேர்த்தால் அந்த வசதி கிடையாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி 49 ஹெர்ட்ஸ். அடுத்த ஜி 98, ஹம்மின் இரட்டிப்போ 100. ஜெனரேட்டரும் எல்இடி விளக்குகளும் சூழ்ந்த மேடையில், ஜி ஸ்கேலில் ஒரு பாட்டை மெல்ல ஆரம்பித்துப் பாருங்கள், சுருதி விலகிய ஒருவர் கூடவே முனகுவது போலிருக்கும். அதனால் அதே உறைக்குள் இரண்டு காயில் வைத்த வகையைக் கேட்டிருக்கிறேன். (எர்த் இல்லாத ப்ளக்கினால் வரும் இரைச்சலை எந்தப் பிக்கப்பும் தீர்க்காது. அதற்கு எலக்ட்ரீஷியனைத்தான் பார்க்க வேண்டும்.)

இனி நாப்கள். ஜாஸ் பேஸில் பிக்கப்புக்கு ஒரு வால்யூம் இருக்கும். எனக்கு அது சரிப்படாது. தொகுப்பாளர் மைக்கை எடுத்த நொடியில் ஒரே திருப்பில் பேஸ் அடங்க வேண்டும். ஆகவே மொத்தத்துக்கு ஒரு வால்யூம், இரண்டு பிக்கப்பையும் கலக்க ஒரு பிளெண்ட், ஒரு டோன். பிளெண்டில் நடுவில் நின்றால் இரண்டும் முழுதாகவும், ஒரு பக்கம் திருப்பினால் எதிர்ப்பக்கம் மட்டும் குறைவதுமான வகை வேண்டும். நடுவில் 'டக்' என்று நிற்கும் அந்தத் தடம் இருட்டிலும் விரலுக்குத் தெரியும்.

"அண்ணே, சீரீஸ் சுவிட்ச் ஒன்னு போட்டுறவா? ரெண்டு பிக்கப்பும் ஒன்னுக்குப் பின்னால ஒன்னா சேர்ந்து கனமா வரும்" என்று கேட்டார், செய்து தருகிறவர்.

"வேணாம் தம்பி. பாட்டு நடுவுல சத்தம் எகிறுனா மிக்ஸர்ல உக்காந்திருக்கவருக்குத்தான் கஷ்டம்."

ப்ரீஆம்ப் இப்போதைக்குக் கிடையாது. விடிய விடிய நடக்கும் திருவிழாக் கச்சேரியில் பேட்டரியை நினைத்துக்கொண்டு வாசிக்க எனக்கு விருப்பமில்லை. தரையில் வைக்கும் ப்ரீஆம்ப் பெடல் போதும். இருந்தாலும் 9 வோல்ட் பேட்டரிக்கான அறையை மட்டும் பின்பக்கம் இப்போதே வெட்டி, மூடி போடச் சொல்லிவிட்டேன். பாலிஷ் போட்டபிறகு மரத்தில் மறுபடி கை வைக்கக்கூடாது.

டோன் நாப்பை மூடும்போது ஒலியில் எவ்வளவு கூர்மை வெட்டப்படும் என்பதை முடிவு செய்யும் டோன் கெப்பாசிட்டர்தான் பாக்கி. வழக்கமான 0.047 மைக்ரோஃபாரட் முழுக்க மூடினால் ஒலி ஒரேயடியாக மங்கிவிடும், 0.022 நடுப்பகுதியைக் கொஞ்சம் மிச்சம் வைக்கும். இரண்டையும் வாங்கி வைத்திருக்கிறேன். பேஸ் கைக்கு வந்ததும் கச்சேரிகளில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.