தூணில் யார் பேர்?

எங்கள் காலனி பூங்காவில் போரில் இறந்த வீரர்களுக்கு ஒரு சின்ன நினைவுத் தூண். அதன் அடியில் சங்க நிர்வாகிகள் பேரோடு பளிங்குப் பலகை பதிக்கலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரே உற்சாகம். செத்தவன் ஒருத்தன், கல்வெட்டு இன்னொருத்தனுக்கா?

டெல்லிக்கு இது புதுசில்லை. டிஃபென்ஸ் காலனியில் ஷேக் அலி கும்டி என்று லோதி காலத்துக் கல்லறை. 1960களிலிருந்து அது குடியிருப்போர் சங்க ஆபீஸ்! உள்ளே ஃபால்ஸ் சீலிங், ஃபேன் எல்லாம் மாட்டியிருந்தார்கள். சுப்ரீம் கோர்ட் தலையிட்டு 2025-ல்தான் காலி செய்ய வைத்தது.

1931-ல் திறந்த இந்தியா கேட்டிலும் பிறகு சேர்த்தது உண்டு. 1971 போர் முடிந்ததும் இறந்த வீரர்களுக்காக அமர் ஜவான் ஜோதி என்ற அணையா விளக்கு வந்தது, 2022-ல் அதைப் பக்கத்துத் தேசியப் போர் நினைவிடத்து ஜோதியோடு இணைத்தார்கள். பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். ஆனால் ஊரறியச் செய்தது, கேள்வி கேட்க ஆள் இருக்கிறது. லோதி கார்டன் பூங்காவில் பழைய கல்லறைச் சுவரில் சாவியால் கீறியவனை எங்கே போய்த் தேட? (தமிழிலும் ஒரு பேர் பார்த்தேன், அம்பு தைத்த இதயத்தோடு. நம்மாளு!) பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைத்தால் 2010 சட்டத் திருத்தப்படி இரண்டு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம். எங்கள் தூணுக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது.

பேர்தான் வேண்டுமென்றால் பக்கத்தில் நாலு பெஞ்ச் போட்டு அதில் பொறித்துக்கொள்ளுங்கள் என்று குழுவில் எழுதிவிட்டேன். தலைவர் கோபமாக இருக்கிறாராம். பொருளாளர் மட்டும் பெஞ்ச் என்ன விலை என்று கேட்டிருக்கிறார்.